மேல்வரிசை வழியாக ஒரு பாதை

ஆறு வருஷத்துக்குப் பிறகு தம்பி போன் செய்தபோது, விசில் டீச்சர் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து ஆற்றோரப் பாதைக்கு நீலப் பென்சில் தீட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியவள். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் கடைத்தெருவில் அந்தப் பெயர் அவளை விடவில்லை.

"ஹலோ."

"நான்தான்."

பென்சில் நின்றது. "தெரியுது."

"கடுதாசி வந்துச்சு. பேக்கரிக்காரர் போட்டது. ஓடறவங்களுக்கு பாதை போடறியாம். தோட்டத்து வழியா விடணுமாம்."

"விடணும்னு இல்ல. விட்டா நல்லா இருக்கும். இல்லாட்டி மலையிலேருந்து இறங்கி லாரி ரோட்டுல ஓடணும்."

"லாரி ரோட்டுல எதுக்கு ஓடணும். நம்ம தோட்டத்து வழியாவே போகட்டும்."

நம்ம என்றான். அவள் பென்சிலை வரைபடத்தின் மேல் வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு. சனிக்கிழமை காலைல வா. நான் கூட நடந்து எந்தப் பக்கம் போகலாம்னு காட்டறேன். அதுவரைக்கும் உள்ள எதுவும் பண்ண வேண்டாம். மாமாவையும் கூட்டிட்டு வா. இங்கயே சாப்பிடலாம்."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான்டா."

போனை வைத்ததும் வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"யாரு?"

"தம்பி."

"எந்தத் தம்பி?"

"எனக்கு எத்தனை தம்பி இருக்கான்?"

"பேசற தம்பி ஒருத்தன்கூட இல்லையே, அதான் கேட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. அவரும் சைக்கிள் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன சொன்னான்?" என்றார் மெதுவாக.

"சாப்பிட வரச் சொன்னான்."

"அப்ப துணி கொஞ்சம் நல்லதா போட்டுக்கணும்" என்றார் அவர். அவருக்கு சந்தோஷம் என்றால் அப்படித்தான் சொல்வார்.

பாதை போடும் யோசனை பேக்கரிக்காரருடையது. ஓட்டக் குழுவுக்கு அவர்தான் செயலாளர். ஆறும் மலையும் திராட்சைத் தோட்டமும் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். காலையில் ஓடக் கிளம்பி வழி தவறி, கடைசியில் அவர் கடை வாசலில் வந்து நின்று, விடுதி எங்கே என்று கேட்கிறார்கள். "ரொட்டி வாங்கிட்டுக் கேட்டாலும் பரவாயில்ல டீச்சர். வெறுங்கையோட கேக்கறாங்க." அதனால் மூன்று பாதைகள், ஒரு சின்னப் புத்தகம். மரப் பலகை எழுதி நடுகிற வரைக்கும் அடையாளத்துக்கு ரிப்பன். ரிப்பனும் அவர் கொடுத்ததுதான், கேக் டப்பாவைச் சுற்றிக் கட்டுகிற வழவழப்பான ரிப்பன். ஐந்து கிலோமீட்டர் ஆற்றோரத்துக்கு நீலம், பத்து கிலோமீட்டர் மலைச்சரிவுக்கு மஞ்சள். ஆறு, மலை, தோட்டம் எல்லாம் சுற்றி வரும் பதினைந்து கிலோமீட்டருக்குச் சிவப்பு.

அளப்பதற்கு அவர்களுக்கு ஒரு முறை இருந்தது. டீச்சர் முன்னால் ஓடுவாள். வீட்டுக்காரர் சக்கரத்தில் மீட்டர் பொருத்திய சைக்கிளில் பின்னால் வருவார். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மணி அடிப்பார். அவள் நின்று, இடுப்புப் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதி, உரக்கப் படித்துக் காட்டுவாள்.

"இரண்டாவது கிலோமீட்டர். ஆறு இடது கைப்பக்கம் வந்து சேரும். பாலத்தைத் தாண்டியதும் மரத்தடியில் மறைந்துவிடும். கவலை வேண்டாம், அது எங்கும் போய்விடாது."

"ஆறு போகாம எங்க நிக்கும்? அதோட வேலையே போறதுதான்."

"படிக்கறவங்களுக்கு தைரியம் சொல்றேன்."

"பதினஞ்சு கிலோமீட்டர் ஓட வந்தவனுக்கு நீ சொல்லித்தான் தைரியம் வரணுமா?"

இப்படியே ஆற்றோரம் முடிந்தது, மலைச்சரிவு முடிந்தது. மூன்றாவது பாதையில் மலையிறக்கம்வரை வந்து நின்றிருந்தார்கள். அங்கே ஒரு இரும்புக் கேட். கேட்டுக்கு அந்தப் பக்கம் தம்பியின் தோட்டம்.

அந்தக் கேட்டை அவள் கடைசியாகத் தாண்டியது அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று. அறுவடை நேரம். அம்மா வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்திருந்தாள். தம்பியும் அவன் மனைவியும் காலையிலிருந்து வரிசைகளில் இருந்தார்கள். மத்தியானம் பார்க்க வந்த டீச்சர், தண்ணீர் டம்ளர் எட்டாத தூரத்தில் இருந்ததைப் பார்த்தாள். அவ்வளவுதான். தான் வந்த வாடகைக் காரின் டிரைவரைத் துணைக்குக் கூப்பிட்டு அம்மாவைத் தூக்கிக் காரில் படுக்க வைத்துக் கிளம்பிவிட்டாள். அப்புறம் சொல்லிக்கலாம் என்று நினைத்தாள். சாயங்காலம் போனில் சொன்னாள். மறுநாளே அம்மாவைப் பார்க்க வருகிறேன் என்றவனை, "அறுவடையை முடிச்சுட்டு நிதானமா வா, இங்க நான் பாத்துக்கறேன்" என்று தடுத்ததும் அவள்தான். ஒன்பதாம் நாள் அம்மா போய்விட்டாள். தம்பி வந்தபோது முகம் மூடியாகிவிட்டது.

அன்று அவன் ஒன்றே ஒன்று சொன்னான். "ஒரு வார்த்தை சொல்லிட்டு கூட்டிட்டுப் போயிருந்தா, நானே தூக்கி கார்ல வச்சிருப்பேனே."

அதற்குப் பிறகு பேச்சில்லை.

ஆகவே இந்தச் சனிக்கிழமை சாதாரணச் சனிக்கிழமை அல்ல என்பது டீச்சருக்குத் தெரியும். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் எந்தப் புடவை, என்ன பேச்சு, முதலில் யாரைப் பார்த்து எதைச் சொல்வது என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை மத்தியானம் பேக்கரிக்காரர் போன் செய்தார்.

"டீச்சர், அச்சகத்துல நாளைக்கே வரைபடம் கேக்கறாங்க."

"சனிக்கிழமை முடிஞ்சதும் தர்றேன்."

"திங்கட்கிழமைன்னா அவங்க வேற வேலையில இறங்கிடுவாங்களாம். மேல்வரிசை வழியா கோடு போட்டுக் கொடுங்களேன். ஒத்துக்கிட்டார்ல?"

"ஒத்துக்கிட்டான்."

"அப்புறம் என்ன?"

போனை வைத்துவிட்டு அவள் ஓடுகிற ஷூவை எடுத்தாள். வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார்.

"எங்க?"

"தோட்டம் வரைக்கும். மூணாவது பாதையை முடிச்சுட்டு வந்துடலாம்."

"சனிக்கிழமைன்னுல்ல சொன்னான்?"

"சனிக்கிழமை போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். மேல வேண்டாம், கீழ வாய்க்கால் ஓரமா போன்னு ஒதுக்கிடுவான். வாய்க்கால் ஓரத்துலேருந்து என்ன தெரியும்? வாய்க்கால்தான் தெரியும். மேல்வரிசையில திரும்பற இடத்துல நின்னு பாத்தா ஆறு ரெண்டு தடவை வளையறது தெரியும். அது இல்லாம இந்தப் பாதையே எதுக்கு?"

"அதை அவன்கிட்ட சொல்லேன்."

"கட்டி வச்சுட்டா அவனே பாத்துட்டு நல்லா இருக்குன்னுதான் சொல்லப் போறான். கேட்டுட்டு நின்னா நூறு யோசிப்பான்."

"எதுவும் பண்ண வேண்டாம்னு சொன்னான். நீதான் என்கிட்ட சொன்னே."

"ரிப்பன் கட்டறது ஒரு பண்றதா?"

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். ஆனால் கேட் வந்ததும் இறங்கி, அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் உள்ள வரல."

"மீட்டர் வேணுமே."

"காலால அளந்துக்கோ. நான் வரல."

அவள் மட்டும் போனாள். வெயில் சாய்ந்திருந்தது. அறுவடை முடிந்த தோட்டத்தில் ஆள் அரவம் இல்லை. கம்பி வரிசைகளில் இலைகள் மஞ்சளும் சிவப்புமாய்ப் பழுத்து, அவள் ஓட ஓட இரண்டு பக்கமும் ஒரு நிறமாகக் கலந்து ஓடின. அறுபத்தொரு வயதில் மூச்சு வாங்கியது, ஆனால் கால் சொன்னபடி கேட்டது. மேல்வரிசைக்கு ஏறித் திரும்பியதும் ஆறு தெரிந்தது. ஒரு வளைவு, மறைவு, இன்னொரு வளைவு. நோட்டை எடுத்து அங்கேயே எழுதினாள்: "பதினோராவது கிலோமீட்டர். இங்கே யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும்."

சில கொடிகளின் அடித்தண்டில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்ததைப் பார்த்தாள். ஏதோ ரகம் பிரித்து வைத்திருக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்தாள். நம் ரிப்பனும் அதே நிறம், தோட்டத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

திருப்பத்துக்கு அவளுடைய விதி ஒன்று: திருப்பத்துக்கு முன் ஒன்று, திருப்பத்தில் ஒன்று, தாண்டி ஒன்று. மூன்று முனைக் கம்பங்களில், கண் உயரத்தில், அவிழாதபடி இரட்டை முடிச்சு. கட்டிவிட்டு இறங்கினாள்.

"முடிஞ்சுதா?" என்றார் வீட்டுக்காரர்.

"முடிஞ்சுது. சனிக்கிழமை அவனைக் கூட்டிட்டுப் போய் அங்க நிறுத்தினா வாயே திறக்க மாட்டான் பாருங்க."

சனிக்கிழமை பத்து மணிக்கு அவர்கள் போனபோது கேட் திறந்தே கிடந்தது. மேலே பார்த்த வீட்டுக்காரர்தான் முதலில் நின்றார்.

"அங்க என்ன, வெட்டவெளியா இருக்கு?"

மேட்டின் உச்சியில் மூன்று வரிசை இல்லை. கம்பிகள் சுருட்டிக் கிடந்தன. கொடிகள் வேரோடு வானத்தைப் பார்த்துக் குவிந்து கிடந்தன. புரட்டிய மண் ஈரமாகக் கறுத்திருந்தது. தம்பி அந்தக் குவியலுக்கு நடுவில் குனிந்து ஒவ்வொரு வேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்திலிருந்து பார்க்க, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி இருந்தது.

வீட்டுப் படியில் தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. எழுந்து வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க அண்ணி. வாங்க அண்ணா. நல்ல நாளா பாத்து வந்திருக்கீங்க."

"என்னம்மா ஆச்சு மேல?"

"நான் பண்ணின வேலை அண்ணி."

அவள் சொன்னாள். நாலு வருஷமாகக் கொடிகளில் ஒரு நோய். அது பிடித்த கொடியின் இலை முன்னதாகவே சிவந்து ஓரம் சுருண்டுகொள்ளும். எடுக்காவிட்டால் பக்கத்துக் கொடிக்கும் தாவும். அறுவடைக்கு முன்னால் ஒவ்வொரு கொடியாகப் பார்த்து அவள் சிவப்பு ரிப்பன் கட்டுவாள். அறுவடை முடிந்ததும் டிராக்டரும் சங்கிலியுமாக மேஸ்திரி ஆட்களோடு வந்து ரிப்பன் கட்டிய கொடியை எல்லாம் இழுத்துவிடுவார். ஒரு வரிசையில் பாதிக்கு மேல் போய்விட்டால் முனைக் கம்பத்தில் கட்டுவது. அப்படிக் கட்டினால் வரிசையையே எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

"முதல் வருஷம் ஆளுங்க இன்னும் உயிரோட இருக்கே, பாவம்னு நிறைய கொடியை விட்டுட்டாங்க. அதுலேருந்து பரவிடுச்சு. அப்போலேருந்து இவர் மேஸ்திரிகிட்ட ஒரே பேச்சுதான் சொல்லுவார். கொடியைப் பாக்காதே, ரிப்பனைப் பாருன்னு."

டீச்சர் திரும்பி மேட்டைப் பார்த்தாள்.

"நேத்து மேஸ்திரி வர்ற நாள். எனக்கு கண் டாக்டர்கிட்ட போற நாளும் நேத்துதான். ரெண்டு பேரும் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டோம். மேல வந்து மூணு வரிசைலயும் கம்பத்துல ரிப்பனைப் பாத்து அந்த மனுஷனுக்கே சந்தேகம் வந்திருக்கு. ரெண்டு தடவை போன் பண்ணியிருக்கார். டாக்டர் ரூம்ல போனை அணைச்சு வைக்கச் சொன்னாங்க. மூணு மணிக்கு நாங்க வந்து இறங்கறப்போ கடைசிக் கொடியை இழுத்துட்டு இருந்தாங்க."

"நீ கட்டினதா உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றார் வீட்டுக்காரர். அவர் குரல் சரியாக இல்லை.

"கீழ எட்டாவது வரிசையில கட்டினது ஞாபகம் இருக்கு. மேல கட்டினது ஞாபகமே இல்ல அண்ணா. ஆனா என் ரிப்பன்தான். பேக்கரியில வாங்கினது, வேற யார்கிட்ட இருக்கு? டாக்டர் வேற நேத்துதான் சொன்னார், இடது கண்ணுல ஓரப் பார்வை குறைஞ்சுட்டே வருதாம். கண்ணு போனா பரவாயில்ல, என்ன பண்றேன்னு தெரியாமலே பண்றேன் போலருக்கே, அதான் பயமா இருக்கு." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவர் ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலாம்."

டீச்சர் வாயைத் திறந்தாள். "அது வந்து..." என்றாள்.

"வந்துட்டியா அக்கா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

தம்பி மண் கையோடு நின்றான். தலை நரைத்துவிட்டிருந்தது. அம்மாவின் தாடை அவனுக்கு வந்திருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் இது இல்லை. "உன்னை வரச் சொன்ன நேரம் பாரு. சரி, எது எப்படி ஆனாலும் நீ வந்துட்டே. மாமா, உக்காருங்க. இவளுக்கு நீங்களாவது சொல்லுங்க, அழுதுட்டே இருக்கா."

அவன் அக்கா என்று சொன்னதைக் கேட்டதும் டீச்சரின் வாயில் இருந்தது உள்ளே போய்விட்டது. கொஞ்சம் கழித்துச் சொல்லலாம், அவன் கை கழுவி உட்காரட்டும் என்று நினைத்தாள். அவன் கை கழுவினான். காபி வந்தது. காபி குடித்ததும் என்று நினைத்தாள். அவன் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டான், முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டான். "இந்த வயசுல பதினஞ்சு கிலோமீட்டரா? நீ ஓடற, மாமா சைக்கிள்ல துரத்தறார். பாக்கறவன் என்ன நினைப்பான்?" என்று கேட்டு அவனே சிரித்தான். அந்தச் சிரிப்பை அவளால் உடைக்க முடியவில்லை. அரை மணி நேரம் அதில் போயிற்று. அப்புறம் மேஸ்திரி வந்தார். அவரோடு அவன் வெளியே போய்ப் பேசிவிட்டு வர ஒரு மணி நேரம் ஆனது. அப்போதாவது தம்பி மனைவியிடம் சொல்லியிருக்கலாம். அவள் அடுப்படியில் முதுகைக் காட்டி நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கிய ஒவ்வொன்றையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

சாப்பாட்டுக்கு முன் கொல்லைக் குழாயடியில் வீட்டுக்காரர் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லிடு."

"சொல்றேன்."

"எப்ப?"

"சாப்பிட்டதும்."

"அவன் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டா?"

"எல்லாரும் உக்காந்தப்புறம் எழுந்து போக வச்சா நல்லாவா இருக்கும்?"

"நீ சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்."

"நீங்க சொன்னா அது இன்னும் அசிங்கம். நானே சொல்றேன், விடுங்க."

சாப்பிட்டார்கள். டீச்சர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். தம்பி அவள் தட்டைப் பார்த்து, "ஓடறவங்க இப்படித்தான் சாப்பிடுவாங்களா? அப்ப நான் ஓடல" என்றான். பிறகு மனைவி பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவாகச் சொன்னான்.

"அடுத்த வருஷம் ரிப்பன் கட்ட வேற ஆளைப் பாத்துக்கலாம். உன்மேல தப்புன்னு இல்ல. கண்ணுக்கு ஓய்வு கொடுன்னு டாக்டரே சொன்னார்ல."

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து போய் அலமாரியைத் திறந்து, பாதி தீர்ந்த ரிப்பன் உருளையை எடுத்து வந்து டீச்சர் கையில் வைத்தாள்.

"அண்ணி, இதை நீங்களே எடுத்துட்டுப் போங்க. ஓடறவங்களுக்கு எதுக்காவது ஆகும். எனக்கு இனிமே வேண்டாம்."

டீச்சர் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மேல கட்டினது நான்" என்றாள்.

யாருக்கும் உடனே புரியவில்லை.

"மூணு கம்பத்துலயும் நான்தான் கட்டினேன். வியாழக்கிழமை சாயங்காலம் வந்தேன். பாதைக்காக. எனக்கும் பேக்கரிக்காரர் இதே ரிப்பன்தான் கொடுத்தார். இதுக்கு இங்க இப்படி ஒரு அர்த்தம்னு எனக்குத் தெரியாது."

தம்பி மனைவி அவள் முன்னால் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மூணுமா அண்ணி?"

"மூணும்."

"நிச்சயமா? ஒண்ணுகூட நான் கட்டலையே?"

"இல்லம்மா. நீ எதுவும் பண்ணல."

அவள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். காலையில் அழுத அழுகை அல்ல இது. "அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல. என் கை சரியாத்தான் இருக்கு" என்று முந்தானைக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தம்பி தட்டில் கை கழுவினான். டீச்சர் அவன் முகத்தையே பார்த்தாள். அம்மா பேச்சை எடுப்பான் என்று காத்திருந்தாள். எடுத்தால் சொல்வதற்கு ஆறு வருஷமாக அவளிடம் வாக்கியங்கள் தயாராக இருந்தன. தண்ணீர் டம்ளர் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதுகூட. அவன் எடுக்கவில்லை.

"சனிக்கிழமைன்னு சொன்னேன்" என்றான்.

"சொன்னே."

"ஆளுங்க வர்ற நாள் முடியட்டும்னுதான் சனிக்கிழமைன்னு சொன்னேன். அதையும் விளக்கிச் சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் தப்பு."

"உன் தப்பு இல்லடா. நான்தான் நீ கீழ்ப்பக்கம் போகச் சொல்லிடுவியோன்னு..."

"கேட்டிருந்தா மேலயே விட்டிருப்பேன்."

கடிகாரத்தைப் பார்த்தான்.

"நீ வந்தப்போ பத்து மணி. இப்ப ஒண்ணரை. தெரியாம கட்டினே, சரி. அதை நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா இவ படியில உக்காந்து உன்கிட்ட எல்லாத்தையும் சொல்றப்போ உனக்குத் தெரிஞ்சு போச்சுல்ல? மூணரை மணி நேரம் அவ தனக்கு புத்தி கலங்கிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு உனக்கு சமைச்சுப் போட்டிருக்கா."

டீச்சரிடம் அதற்கு ஒரு வாக்கியமும் இல்லை.

"விடுங்க" என்றாள் தம்பி மனைவி. "எனக்கு ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சதே போதும்."

"எனக்குப் போதாது" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டான். "வா. வழி காட்டறேன்னு சொன்னேன்ல."

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தானே சனிக்கிழமை."

பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். அவள் பின்னால் நடந்தாள். மேட்டுப் பக்கம் அவன் திரும்பவே இல்லை. வாய்க்கால் ஓரமாக, கொடிகள் கை எட்டாத தூரத்தில், சரளைக்கல் பாதையில் கூட்டிப்போனான். அங்கங்கே நின்று வேலிக்கல்லில் வெள்ளைத் துணியைத் தானே கட்டினான்.

"இங்க மழைக்கு வழுக்கும். புத்தகத்துல போட்டுக்கணும்."

"போட்டுக்கறேன்."

"இந்த மதகுக்கிட்ட ஒருத்தர் பின்னால ஒருத்தரா போகணும்."

"சரி."

பாதித் தூரத்தில் அவள் கேட்டாள். "திரும்ப நடறதா இருந்தா நான் வந்து குழி வெட்டறேன்."

"குழி வெட்ட ஆள் இருக்கு."

"வந்து கயிறாவது பிடிக்கறேன்."

அவன் நின்றான். அந்த மூன்று வரிசையும் பத்தொன்பது வருஷத்துக்கு முன் வரிசை நேராக வர அம்மா கயிறு பிடிக்க அவன் நட்டது. டீச்சருக்கு அது அவன் நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை.

"காய்க்க மூணு வருஷம் ஆகும்" என்றான் அவன், வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. "மேல இருந்த மாதிரி காய்க்க பத்து வருஷம் ஆகும். அந்த மண்ணை முதல்ல ரெண்டு வருஷம் சும்மா போடணும்."

அவள் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுபத்து மூன்று, அவனுக்கு அறுபத்தெட்டு.

பாலத்துக்குப் போகும் சாலையில் தோட்டத்தின் இன்னொரு கேட் இருந்தது. வீட்டுக்காரர் சைக்கிளோடு சுற்றிக்கொண்டு முன்பே வந்து நின்றிருந்தார். தம்பி கேட்டைத் திறந்து, கடைசித் துணியைக் கம்பியில் கட்டினான்.

"காலைல ஆறுலேருந்து ஒன்பது வரைக்கும் ரெண்டு கேட்டும் திறந்திருக்கும். மருந்து அடிக்கற நாள்ல மூடிடுவேன். அதை பேக்கரிக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிடறேன்."

"எனக்கே சொல்லலாமே."

"வேண்டாம். அவர் மூலமாவே இருக்கட்டும். உங்களுக்கு ஏதாவது கேக்கணும்னாலும் அவர்கிட்டயே சொல்லிடுங்க." பிறகு, "வர்றேன் மாமா" என்று வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

அவன் அவளை நீங்க என்று சொன்னதே இல்லை. சின்ன வயதில் அப்படிச் சொல்லச் சொல்லி அவள் அவனைக் குட்டியதுண்டு.

பாலம் வரைக்கும் இருவரும் நடந்தே போனார்கள். வீட்டுக்காரர் ஏறி ஓட்டாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

"ரெண்டு நாள்தான் கேட்டான்" என்றாள் அவள்.

அவர் "ம்" என்றார். அதற்கு மேல் அவள் எதிர்பார்த்த சமாதானம் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அதற்குக்கூட இடமில்லாமல் போயிற்று.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே போன் அடித்தது. பேக்கரிக்காரர்.

"டீச்சர், மூணாவது பாதை என்னாச்சு? நேத்து வரைஞ்சு முடியலைன்னீங்களேன்னு அச்சகத்துல கெஞ்சி திங்கட்கிழமை காலை வரைக்கும் நேரம் வாங்கியிருக்கேன். மேல்வரிசைதானே? ஆறு ரெண்டு தடவை வளையறது தெரியும்னு சொன்னீங்களே, அந்த இடத்தை அட்டையிலயே போட்டுடலாமான்னு கேக்கறாங்க."

"மேல்வரிசை இல்ல. வாய்க்கால் ஓரம்."

"ஐயோ, அங்கேருந்து என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

"அப்ப மேலயே விடச் சொல்லி இன்னொரு தடவை கேட்டுப் பாக்கலாமே. உங்க தம்பிதானே, நீங்க சொன்னா கேக்க மாட்டாரா?"

"கேக்க வேண்டாம். தோட்டத்துக்காரர் காட்டின வழி அதுதான்."

அந்தப் பக்கம் பேக்கரிக்காரர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் நோட்டைத் திறந்து பதினோராவது கிலோமீட்டர் என்று எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்தாள். அடுத்த பக்கத்தில், மழைக்கு வழுக்கும், மதகின் அருகே ஒருவர் பின் ஒருவராகச் செல்லவும் என்று எழுதினாள். அவன் சொன்ன வரிசையிலேயே எழுதினாள்.